எழுப்பினாலும் எழாத வயது

மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டில் விடிவது ஒரே நேரத்தில் அல்ல. தாத்தா நாலரைக்கே விழித்துவிடுவார். அவருக்கு அலாரம் வேண்டாம். அம்மாவும் அப்பாவும் ஐந்தரை, ஆறு. ஒன்றாம் வகுப்புக் கடைக்குட்டி ஆறரைக்கெல்லாம் எழுந்து வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருக்கும். பத்தாவது படிக்கும் மூத்தது மட்டும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும். முதலில் கொஞ்சல், பிறகு ஃபேனை நிறுத்துவது, பிறகு முகத்தில் தண்ணீர் தெளிப்பது, கடைசியில் வசவு. "ராத்திரி பூரா போனை நோண்ட வேண்டியது, காலையில கும்பகர்ணன் கணக்கா தூங்க வேண்டியது." காலை ஏழு மணிக்குள் அந்தப் பிள்ளையின் குணம் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: சோம்பேறி, பொறுப்பில்லை, உருப்படாது.

பதின்வயதினரின் நடத்தையையும் படிப்பையும் மனநலத்தையும் கெடுப்பவை எவை என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். செல்போன், சேர்க்கை, சினிமா, வளர்ப்பு, பாடத்திட்டம். பள்ளியின் முதல் மணி எத்தனை மணிக்கு அடிக்கிறது என்பது அந்தப் பட்டியல்களில் அநேகமாக இருக்காது. கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளைப் படித்தால் பட்டியலின் முன்வரிசையிலேயே அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் குணம் என்று பெயர் வைத்திருப்பதில் ஒரு பகுதி வெறும் கால அட்டவணை.

1976 கோடையில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்காக ஒரு தூக்க முகாம் தொடங்கியது. நடத்தியவர்கள் தூக்க ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் டிமென்ட்டும், அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த மேரி கார்ஸ்கடனும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் பலர் ஒவ்வொரு கோடையிலும் திரும்பி வந்தார்கள். பகலில் விளையாட்டு. இரவு பத்து மணிக்குத் தலையிலும் கன்னத்திலும் கண்ணோரத்திலும் மின்முனைகள் ஒட்டப்பட்ட நிலையில் படுக்கை. காலை எட்டு மணிவரை யாரும் எழுப்பமாட்டார்கள். மறுநாள் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இருட்டறையில் படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்கிப்போகிறார்கள் என்று மூளையலையைப் பார்த்துக் குறித்தார்கள். இருபது நிமிடமும் விழித்தே கிடந்தால் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் போதுமான அளவு கிடைத்திருக்கிறது. படுத்த ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிப்போனால் கடன் நிறைய இருக்கிறது என்று பொருள். இன்று உலகெங்கும் தூக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பகல் தூக்கச் சோதனை இப்படி உருவானதுதான்.

வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறையும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. நம் வீடுகளில் இன்றைக்கும் அதுவே நம்பிக்கை. "இவ்ளோ பெரிய புள்ளைக்கு என்ன தூக்கம்" என்று சொல்லாத வீடு உண்டா? முகாமின் பதிவுகள் அதற்கு ஒத்துவரவில்லை. பத்து வயதிலும் சரி, பதினாறிலும் சரி, விட்டால் ஒன்பது மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே தூங்கினார்கள். இன்னொன்றையும் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பூப்பின் நடுக்கட்டத்தில் இருந்த பிள்ளைகளுக்கு, சிறு வயதில் தூங்கிய அதே அளவு தூங்கியும், பகலில் கூடுதலாகத் தூக்கம் வந்தது. அதாவது, வளர வளரத் தேவை குறையவில்லை. பகல் நேர அசதி கூடியது.

இந்த முகாம் நடந்த காலத்தில் கைப்பேசி கிடையாது, இணையம் கிடையாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பதின்வயதுத் தூக்கம் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் நேராகக் கைப்பேசிக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கும் வருவோம், கொஞ்சம் பொறுத்து.

தூக்கம் வருவதற்கு உடம்பில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன என்று 1982இல் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி ஒரு மாதிரியை முன்வைத்தார். ஒன்று, விழித்திருக்கும் நேரம் நீள நீளச் சேர்ந்துகொண்டே போகும் அழுத்தம். மற்றொன்று, மூளையின் அடியில் ஹைப்போதலாமஸில் இருக்கும் உட்கடிகாரம். இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கவைத்து உடம்பை இரவுக்குத் தயார்ப்படுத்துவது அதன் வேலை. பூப்பெய்தும் காலத்தில் இரண்டும் மாறுகின்றன. அழுத்தம் மெதுவாகச் சேர்கிறது. அதனால் பன்னிரண்டு வயதில் ஒன்பது மணிக்கே சொக்கிய கண்கள் பதினாறு வயதில் பதினொன்றுக்கும் விழித்திருக்கின்றன. உட்கடிகாரமும் பின்னுக்குப் போகிறது. மெலடோனின் தாமதமாகச் சுரந்து தாமதமாக வடிகிறது. குரங்கு, எலி போன்ற பாலூட்டிகளிலும் இனமுதிர்ச்சிக் காலத்தில் இப்படி ஒரு நகர்வு பதிவாகியிருக்கிறது. எலிக்கு யாரும் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கவில்லை.

ஜெர்மனியின் டில் ரோனெபெர்க் 2004இல் பல்லாயிரம் பேரின் உறக்க நேரங்களைத் தொகுத்துப் பார்த்தார். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு தூங்கும் நேரம் ஆண்டுக்காண்டு தள்ளிப்போய், பெண்களுக்கு ஏறத்தாழ பத்தொன்பதரை வயதிலும் ஆண்களுக்கு ஏறத்தாழ இருபத்தொன்றிலும் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல முன்னேறத் தொடங்குகிறது. அறுபதில் தாத்தாவின் நாலரை மணி வந்துவிடும். ஆக, வீட்டில் அட்டவணை போடுகிறவர்களும் பள்ளியில் அட்டவணை போடுகிறவர்களும் அதிகாலையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் வயதினர். அந்த அட்டவணைக்குள் இருக்க வேண்டியவர்களோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் அவரவர் உடம்பு சொல்வதுதான் இயற்கையாகப் படுகிறது. பெரியவர்கள் கையில் மணி இருக்கிறது, அவ்வளவே.

கார்ஸ்கடன் பிறகு பிரவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1998இல் அவர் குழு வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போன மாணவர்களைப் பின்தொடர்ந்தது. ஒன்பதாவதில் பள்ளி 8:25க்குத் தொடங்கியது, பத்தாவதில் 7:20க்கு. காலை எட்டரை வாக்கில் அவர்களை இருட்டறையில் படுக்கவைத்தபோது சொற்ப நிமிடங்களில் தூங்கிப்போனார்கள். அதுகூடப் பெரிதில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர், பகலில் நடந்த அந்தக் குட்டித் தூக்கச் சோதனைகளில் ஒன்றிலாவது, நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போனார்கள். வழக்கமாகக் கனவுத் தூக்கம் வர ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகும். விழித்திருக்கும்போதே உறக்கம் வந்து ஆளை வீழ்த்தும் நார்கோலெப்சி நோயாளிகளிடம் மருத்துவர்கள் எதிர்பார்க்கும் அறிகுறி அது. நோய் ஒன்றும் இல்லாத பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பின் கணக்கில் அப்போது இன்னும் இரவு முடியவில்லை. பள்ளியில் இயற்கணிதம் தொடங்கிவிட்டது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் ஏன் அவ்வளவு சீக்கிரம் தொடங்கின? கல்வியியல் காரணம் தேடினால் கிடைக்காது. பேருந்துதான். ஒரே மஞ்சள் பேருந்து மூன்று நடை அடிக்க வேண்டும்: முதல் நடை பெரிய பிள்ளைகளுக்கு, அடுத்தது நடுநிலைக்கு, கடைசி நடை சிறு பிள்ளைகளுக்கு. இருட்டில் நிற்க வேண்டுமென்றால் பெரிய பிள்ளைகள் நிற்கட்டும் என்பது ஏற்பாடு. மாலையில் விளையாட்டுப் பயிற்சி, பகுதிநேர வேலை ஆகியவையும் சேர்ந்துகொண்டன. மின்னசோட்டா மாநில மருத்துவர் சங்கம் 1990களில் இதைக் கேள்வி கேட்டது. அந்த மாநிலத்தின் இடைனா நகரம் 1996இல் தன் உயர்நிலைப் பள்ளியின் தொடக்கத்தை 8:30க்குத் தள்ளியது. அடுத்த ஆண்டு மினியாபோலிஸ் மாநகரப் பள்ளிகள் 7:15ஐ 8:40 ஆக்கின.

மினியாபோலிஸைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கைலா வால்ஸ்ட்ராம். எல்லோரும் அஞ்சியது ஒன்றுதான்: ஒருமணி நேரம் தள்ளிக் கொடுத்தால் பிள்ளைகள் ஒருமணி நேரம் தள்ளிப் படுப்பார்கள். பெரும்பாலும் அப்படி ஆகவில்லை. படுக்கும் நேரம் கிட்டத்தட்ட மாறாமலிருந்தது. காலைத் தூக்கம் நீண்டது. வருகை கூடியது, தாமதமாக வருவது குறைந்தது, இடையில் நின்றுபோவதும் குறைந்தது. மதிப்பெண் சற்று ஏறியது. ஆனால் அந்த ஏற்றம் புள்ளியியல்படி உறுதியானதல்ல என்று அவரே எழுதினார். இந்தத் துறையில் என் மதிப்பைப் பெற்ற வரி அது. முதல் மணியைத் தள்ளினால் எல்லோரும் முதல் வகுப்பில் தேறிவிடுவார்கள் என்று சொல்லித்திரிபவர்களிடம் காட்ட வேண்டிய வரியும்கூட.

சியாட்டில் நகரம் 2016இல் 7:50ஐ 8:45 ஆக்கியபோது கையில் கட்டும் அசைவுமானியைக் கொண்டு அளந்தார்கள். பிள்ளைகள் சொல்வதை மட்டும் நம்பவில்லை. பள்ளி நாளில் தூக்கம் 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமானது. ஐம்பத்தைந்து நிமிடம் கொடுத்ததில் முப்பத்துநாலு நிமிடம் தூக்கமாகச் சேர்ந்திருக்கிறது. உயிரியல் வகுப்பின் இறுதி மதிப்பெண் நாலரை விழுக்காடு உயர்ந்திருந்தது. ஆராயப்பட்ட இரு பள்ளிகளில் வசதி குறைந்த பிள்ளைகள் மிகுதியாகப் படித்த பள்ளியில் வருகை மேம்பட்டது. மற்றதில் அந்த மாற்றம் இல்லை. வீட்டில் காரும் உதவிக்கு ஆளும் இருக்கும் பிள்ளை ஏழரை மணிப் பள்ளிக்கும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். இல்லாத பிள்ளைக்குத்தான் அந்த ஒருமணி நேரம், பள்ளிக்கு வருவதா வேண்டாமா என்பதையே முடிவுசெய்கிறது.

ஆசியாவில் பலன் சிறியது. சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016இல் 7:30ஐ 8:15 ஆக்கியது. நாற்பத்தைந்து நிமிடம் தள்ளியும், ஒன்பது மாதத்துக்குப் பிறகு அளந்தபோது தூக்கத்தில் நிலைத்த லாபம் பத்து நிமிடம். ஆனாலும் மாணவிகளின் மனநிலையும் பகல்நேரச் சுறுசுறுப்பும் முன்பைவிட நன்றாக இருந்தன. வீட்டுப்பாடமும் டியூஷனும் மொய்க்கும் ஊரில் பள்ளி விட்டுக்கொடுக்கும் நிமிடத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று இதை வாசிக்கலாம்.

கலிஃபோர்னியா 2019இல் சட்டமே போட்டது: உயர்நிலைப் பள்ளி 8:30க்கு முன் கூடாது, நடுநிலை 8:00க்கு முன் கூடாது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஃபுளோரிடா 2023இல் அதே வழியில் ஒரு சட்டம் இயற்றி, நடைமுறைக்கு வருமுன் 2025இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. முட்டுக்கட்டை அங்கேயும் அறிவியல் அல்ல. பேருந்துச் செலவு, பெற்றோரின் வேலைநேரம்.

தூக்கக் குறைவு நடத்தையில் எப்படித் தெரியும்? பதினான்கு முதல் பதினேழு வயதுவரையான ஐம்பது பேரை வைத்து 2014இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், அதே பிள்ளைகளை ஐந்து இரவு ஆறரை மணிநேரமும், வேறு ஐந்து இரவு பத்து மணிநேரமும் படுக்கையில் இருக்கவைத்தார்கள். குறைந்த தூக்க வாரத்தில் படபடப்பு, கோபம், குழப்பம், அசதி எல்லாம் கூடின. எதிர்த்துப் பேசுவது கூடியது என்று பிள்ளைகளும் சொன்னார்கள், பெற்றோரும் சொன்னார்கள். மனச்சோர்வு அளவில் மாற்றம் இல்லை. ஐந்து இரவில் அது வந்துவிடாது. இதைப் படிக்கிற எந்தப் பெற்றோரும் 'பத்தாவது போனதுலேருந்து எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறான்' என்ற தங்கள் வாக்கியத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனை இன்னும் கறாரானது. பதினைந்து முதல் பத்தொன்பது வயதினருக்கு ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணிநேரம் மட்டும் படுக்கை. கவனம், பணி நினைவாற்றல், மனநிலை எல்லாம் நாளுக்குநாள் இறங்கின. பிறகு இரண்டு இரவு முழுத் தூக்கம் கொடுத்தும் பழைய நிலைக்கு முழுவதுமாக ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கு அவ்வளவாகச் செல்லாது.

அந்த ஞாயிறு தனிக் கதை. வார நாளில் இரவு பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிற பையனுக்கு உறக்கத்தின் நடுப்புள்ளி இரண்டரை மணி. சனி இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஞாயிறு ஒன்பதரைக்கு எழுந்தால் நடுப்புள்ளி ஐந்து மணி. வித்தியாசம் இரண்டரை மணிநேரம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள அதே இடைவெளி. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் அவன் உடம்பு சென்னைக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை சிங்கப்பூர் திரும்புகிறது. ரோனெபெர்க்கின் குழு இதற்குச் சமூக ஜெட்லாக் என்று பெயர் வைத்திருக்கிறது. திங்கள் முதல் பீரியடில் கேள்வி கேட்டால் மலங்க விழிப்பது எதனால் என்பதற்கு இது ஒரு விளக்கம்.

இனி கைப்பேசி. ஒளிரும் திரை மெலடோனினைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2015ஆம் ஆண்டு ஹார்வர்ட் சோதனையில் பன்னிரண்டு பேர் இரவில் நாலு மணிநேரம் ஒளிரும் மின்நூலில் படித்தார்கள். ஐந்து இரவுகளில் மெலடோனின் கடிகாரம் ஒன்றரை மணிநேரம் பின்தங்கியது. ஆனால் தூங்கிப்போக அவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது பத்து நிமிடம்தான். பூப்பின் தொடக்கத்திலும் நடுவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வெளிச்சம் மற்றவர்களைவிட அதிகம் உறைக்கிறது என்று கார்ஸ்கடன் குழுவே காட்டியிருக்கிறது. அதனால் படுக்கையில் போன் வேண்டாம் என்ற அம்மாவின் பேச்சு வெறும் பேச்சல்ல. என் வாதம் வேறு. பதினொரு மணிவரை தூக்கம் வராத உடம்பின் கையில் போன் இருக்கிறது. அந்தப் போன் பதினொன்றைப் பன்னிரண்டரை ஆக்குகிறது. பதினொன்று பூப்பின் வேலை. கூடுதல் ஒன்றரை மணிநேரம் போனின் வேலை. போனைப் பிடுங்கி வைத்தால் பின்னதைத்தான் மீட்கலாம். ஐந்தரை மணி அலாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு போனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பெரியவர்களுக்கு மிக வசதியான ஏற்பாடு.

தமிழ்நாட்டுக்கு வந்தால், காகிதத்தில் நம் நிலைமை மோசமில்லை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் ஒன்பது மணியை ஒட்டித்தான் தொடங்குகின்றன. கலிஃபோர்னியா சட்டம் கேட்பதற்கும் பின்னால். இலங்கையில் அரசுப் பள்ளிகள் ஏழரைக்கே தொடங்குகின்றன. அங்கே 1996இல் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை முன்னே நகர்த்தினார்கள். 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, பிள்ளைகள் இருட்டில் கிளம்ப வேண்டியிருக்கிறது என்பது பெற்றோர் தரப்புக் குறையாக இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அந்தப் பத்தாண்டும் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன.

நம் பிள்ளையின் நாள் ஒன்பது மணிக்கா தொடங்குகிறது? பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு. தனியார் பள்ளி என்றால் வேன் ஆறரை, ஆறே முக்காலுக்குத் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். ஊரைச் சுற்றி வருவதில் முதல் வீட்டுப் பிள்ளைக்கு ஒருமணி நேரம் வேனிலேயே போகும். கணக்கு டியூஷன் ஐந்தரைக்கு. நாமக்கல் வட்டாரத்தில் பேர்பெற்ற உறைவிடப் பள்ளிகளில் விடியுமுன்பே படிப்பு நேரம் தொடங்கிவிடும். அதைக் குறையாக அல்ல, பெருமையாகவே விளம்பரங்கள் சொல்லிவந்தன. டெல்டா பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், விடிந்தும் விடியாத நேரத்தில், பேருந்து நிறுத்தத்து இரும்புக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றபடி தூங்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். ஒரு பின்னல் போட்டாகிவிட்டது. மற்றதற்கான ரிப்பன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. பேருந்து வந்ததும் பக்கத்திலிருந்த அக்கா தோளைத் தட்ட, கண்ணைத் திறக்காமலே ஏறிக்கொண்டாள். பள்ளி அலுவலகத்தின் கால அட்டவணையில் இவள் ஒன்பது மணி மாணவி.

கடிகாரத்தின் கதையில் இந்தியாவுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் சூரியன் உதித்து ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கழித்துத்தான் குஜராத்தின் மேற்கு முனையில் உதிக்கும். நேரம் மட்டும் நாடு முழுக்க ஒன்று. (அசாம் தேயிலைத் தோட்டங்கள் மட்டும் பாகான் நேரம் என்று ஒருமணி முன்னதாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கின்றன, வெள்ளைக்கார முதலாளிகள் விட்டுச்சென்றவற்றில் அறிவுள்ள ஒன்று.) மௌலிக் ஜக்னானி என்ற பொருளியலாளர் இந்த இடைவெளியை இயற்கையே நடத்திக்கொடுத்த சோதனையாக எடுத்துக்கொண்டார். 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் அவருக்குக் கைகொடுத்தது. சூரியன் தாமதமாக மறையும் இடங்களில் பிள்ளைகள் தாமதமாகப் படுக்கிறார்கள். எழும் நேரமோ பள்ளியால் கட்டப்பட்டிருக்கிறது. விளைவு, தூக்கம் குறைகிறது. தூக்கம் குறைந்த பிள்ளைகள் படிப்பில் செலவிடும் நேரமும் குறைகிறது. சராசரிச் சூரிய மறைவு ஒருமணி நேரம் தள்ளிப்போனால் பள்ளிப்படிப்பு ஏறத்தாழ 0.8 ஆண்டு குறைகிறது என்று கணக்கிட்டார். பாதிப்பு ஏழை வீடுகளில்தான் அதிகம். தமிழ்நாட்டுக்குள் இந்த வித்தியாசம் சிறியதுதான்: நம் நேரக்கோட்டிலிருந்து சென்னை ஒன்பது நிமிடம் மேற்கே, கோயம்புத்தூர் இருபத்திரண்டு நிமிடம் மேற்கே. ஆனாலும் கோவையில் காலை ஐந்தரை மணி டியூஷன் என்பது சூரியக் கணக்கில் ஐந்து மணி எட்டு நிமிட டியூஷன்.

ஏழை வீடு என்றதும் சென்னையில் நடந்த ஒரு பெரிய சோதனையைச் சொல்லியாக வேண்டும். தூக்கத்தைக் கூட்டினாலே போதும் என்ற அவசர முடிவுக்கு அது நல்ல கடிவாளம். பெஸோன், கௌதம் ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், தோமா ஆகிய ஐவர் 2021இல் வெளியிட்டது. குறைந்த வருமானமுள்ள 452 பேரை, பெரியவர்களை, ஒரு மாதம் கணினியில் தரவு பதியும் வேலைக்கு வைத்தார்கள். இரவில் எட்டு மணிநேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் தூங்கியது சராசரி ஐந்தரை மணிநேரம். சென்னையில் ஓர் அறை வீட்டில் மே மாத இரவைக் கழித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்: புழுக்கம், கொசு, தெருச் சத்தம், பக்கத்தில் படுத்திருப்பவரின் கை. ஆய்வாளர்கள் கண்மறைப்பும் காதடைப்பும் மெத்தையும் ஃபேனும் கொடுத்தார்கள். அதிகம் தூங்கினால் பணமும் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலைத்திறனிலோ மனநலத்திலோ சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கூடவில்லை. முன்கூட்டியே கருத்துக் கேட்கப்பட்ட நிபுணர்கள் பெரிய பலனை எதிர்பார்த்திருந்தார்கள். அதே ஆய்வில் பிற்பகலில் அரைமணி நேரம் அமைதியான அறையில் படுக்கவிட்டவர்களுக்கோ வேலைத்திறன், கவனம், மனநிலை மூன்றும் மேம்பட்டன. அடிக்கடி கலையும் இரவில் அரைமணி நேரத்தைச் சேர்ப்பதைவிட, கலையாத அரைமணி நேரம் பகலில் கிடைப்பது மேல் என்று தோன்றுகிறது. பெரியவர்களின் முடிவைப் பிள்ளைகளுக்கு அப்படியே பெயர்க்க முடியாதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் தூங்குவதும் அதே அறையில்.

அதே அறை என்பதால்தான் அதிகாலைப் படிப்புக்கு இருக்கும் மரியாதையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் படித்தால் மனத்தில் பதியும் என்பது பாட்டி காலத்து வாக்கு. பதிவதற்குக் காரணம் அந்த நேரம் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து பேர் ஓர் அறையில் இருக்கும் வீட்டில் டிவி ஓடாத, தம்பி அழாத, யாரும் கடைக்கு ஓடச் சொல்லாத ஒரே வேளை அது. பாதிப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் கிடைக்கும் ஒரே தனியறை காலை நாலரை மணி. அதற்குக் கொடுக்கும் விலைதான் சிக்கல். கனவுத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில் திரண்டிருக்கிறது. பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவள் ஐந்து மணிநேரம் தூங்கி மூன்று மணிநேரத்தை விட்டுவிடுகிறாள் என்பதோடு, அந்த மூன்றில் கனவுத் தூக்கத்தின் பெரும்பங்கையும் விட்டுவிடுகிறாள். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணிநேரம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. அந்த எட்டை நம் அட்டவணையில் எங்கே பொருத்துவது என்று பென்சில் வைத்துப் பார்த்தால், பெண் பிள்ளையின் அட்டவணையில் பாத்திரமும் தண்ணீர்க் குடமும் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம் நாட்டில் இந்த விவாதம் தொடங்காமல் இல்லை. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதி யு.யு. லலித் வழக்கத்துக்கு முன்னதாக ஒன்பதரைக்கே அமர்வைத் தொடங்கிவிட்டு, பிள்ளைகள் ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகும்போது நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் ஒன்பது மணிக்கு ஏன் வரக் கூடாது என்று கேட்டார். நல்ல கேள்விதான், அதைத் திருப்பிப்போட்டுக் கேட்டிருக்கலாம். 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு, நான்காம் வகுப்புவரையான வகுப்புகள் ஒன்பது மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று ஆணையிட்டது. அக்கறையோடு எடுக்கப்பட்ட முடிவு. ஆனால் தாமதம் அதிகம் தேவைப்படும் வயதை அது விட்டுவிட்டது. சிறு பிள்ளை தானே எழுந்துவிடும். சியாட்டிலில் நேர்மாறாகச் செய்தார்கள்: சிறியவர்களின் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை முன்னே கொண்டுவந்து, பெரியவர்களைப் பின்னே தள்ளினார்கள்.

இங்கே என்ன செய்யலாம்? காலைச் சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றலாம் என்று ஆசிரியர்களிடம் சொன்னால் உடனே வரும் பதில், ஆறரைக்கு மேல் பெண் பிள்ளைகளுக்கு ஊருக்குள் போக டவுன் பஸ் இல்லை. உண்மைதான். மின்னசோட்டாவில் வழிமறித்த அதே பேருந்து நம்மூரிலும் நிற்கிறது. வேன் இன்னொரு நடை அடிக்காமலிருக்க இன்னொரு வேன் வேண்டும். அதன் செலவு கட்டணத்தில் ஏறும். ஆக, மணியைத் தள்ளுவது கல்வித் துறை மட்டும் எடுக்கிற முடிவல்ல. போக்குவரத்துத் துறையையும் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. தைவானிலும் சீனாவிலும் மதிய உணவுக்குப் பிறகு வகுப்பே மேசையில் தலைசாய்த்துத் தூங்குவது பள்ளி வழக்கம். சென்னைச் சோதனையின் பகல் தூக்க முடிவு ஒருபுறம் இருக்கட்டும். பதின்வயதினரை வைத்தே சிங்கப்பூரில் 2019இல் பார்த்திருக்கிறார்கள். மொத்தத் தூக்கம் ஆறரை மணிநேரம்தான் என்றால், அதை இரவில் ஐந்தும் பிற்பகலில் ஒன்றரையுமாகப் பிரித்துக் கொடுக்கும்போது கவனமும் நினைவாற்றலும் ஒரே மூச்சில் தூங்கியதைவிட நன்றாக இருந்தன. இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு மட்டும் சற்று மோசமானது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போதாத இரவுக்கு அது ஈடாகாது. இருந்தாலும் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது, முப்பது நிமிடம் ஒதுக்கிப் பார்க்க ஒரு பள்ளிக்குப் புதுக் கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம், அரசாணைகூட வேண்டாம். ஓடுகிற ஃபேனும் கூட்டிய தரையும் போதும், அட்டவணையில் ஒரு கட்டம் போதும். அந்தக் கட்டத்தை நிரப்பத் துணியும் தலைமையாசிரியர், மறுநாள் காலை தன் அறை வாசலில் வந்து நின்று "தூங்குறதுக்கா சார் ஸ்கூலுக்கு அனுப்புறோம்?" என்று கேட்கப்போகும் பெற்றோருக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.